நொளிகை என்றால் என்ன?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் தமிழ்ப் பாட ஆசிரிய ஆலோசகர்களுக்கும், தவணைப் பரீட்சை வினாத்தாள் தயாரிப்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களுக்கு வணக்கம்.

விசயத்துக்கு வருமுன் ஒரு பந்தி தருகிறேன். வாசித்து விடை எழுதிப் பாருங்கள். நீங்களும் ஒருகாலம் கையில் சோக்கோடு நின்றவர்கள்தானே.

"பொழுது படுமுன் சுருமன் நொளிகையைத் துமைத்தான். துமைத்த நொளிகையில் பாதியை வெம்பனுக்குக் கிழைத்தான். மீதியைத் தாழியில் இட்டு மூடினான். மறுநாள் வந்த வெம்பன், நொளிகை அவிசிவிட்டது என்று சினந்தான்."

சுருமன் எதைத் துமைத்தான்? எப்போது துமைத்தான்? பாதியை யாருக்குக் கிழைத்தான்? மீதியை என்ன செய்தான்? வெம்பன் சினந்தது ஏன்? வினாவுக்கு இரண்டு புள்ளி, மொத்தம் பத்து.

பத்துக்குப் பத்து எடுத்திருப்பீர்கள். என் தரம் 11 வகுப்பில் அன்றைக்கு வந்திருந்தவர்கள் 31 பேர். 29 பேருக்கு முழுப் புள்ளி. மிச்ச இரண்டு பேர் 'நொழிகை' என்று எழுதியதால் அரைப் புள்ளி குறைத்தேன். இல்லாத சொல்லுக்கும் எழுத்துப் பிழை பிடித்திருக்கிறேன் பாருங்கள், பழக்கம் விடாது. நொளிகை, துமைத்தல், கிழைத்தல், அவிசுதல் எல்லாம் ஒரு ஞாயிறு பின்னேரம் வீட்டு விறாந்தையில் இருந்து நானாகக் கட்டிய சொற்கள். அகராதியில் தேட வேண்டாம்.

தாள்களை வாங்கி அடுக்கும்போதுதான் மூன்றாம் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "டீச்சர், நொளிகை எண்டா என்ன?"

முதல் நிமிடத்தில் 31 வாயிலிருந்தும் வந்திருக்க வேண்டிய கேள்வி. ஒருத்தியிடமிருந்து வந்தது, அதுவும் எழுதி முடித்துக் கொடுத்த பிறகு. மற்றவர்களைப் பார்த்து, நீங்கள் ஏன் கேட்கவில்லை என்றேன். பின்வாங்கில் இருந்தவன் எழும்பாமலே சொன்னான்: "விடை வந்திட்டே டீச்சர்."

அந்த 'விடை வந்திட்டே'யைப் பற்றித்தான் இந்த மடல்.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய மாதங்களை நாங்கள் மீட்டல் காலம் என்கிறோம். அருமையான சொல். யாழை மீட்டுகிறோம், அடகு நகையை மீட்கிறோம், படித்ததையும் மீட்கிறோம். மீட்டுதலுக்கும் மீட்டலுக்கும் வேர் வேறு என்று வாதாட யாராவது தமிழாசிரியர் வருவார், வரட்டும், அந்த வாதத்தையாவது பிள்ளைகள் கேட்கட்டும். செமினாருக்குக் காசு கட்டச் சங்கிலியை வங்கியில் வைத்துவிட்டு, அறுவடை முடிய மீட்கலாம் என்று இருக்கும் தாய்மாரை எனக்குத் தெரியும். அவர்கள் நகையை மீட்டுவிடுவார்கள். பிள்ளை எதை மீட்டது என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

தரம் 11 பிள்ளையின் பையை ஒருநாள் திறந்து பாருங்கள். பாடநூல் அடியில் கிடக்கும். அதற்கு மேலே கடந்தகால வினாத்தாள், வலய வினாத்தாள், மாகாண வினாத்தாள், பக்கத்து வலயத்திலிருந்து யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பிய வினாத்தாள், ரியூட்டரியில் கொடுத்த 'எதிர்பார்க்கை' வினாத்தாள். எல்லாம் போட்டோக் கொப்பி, எல்லாவற்றிலும் பாதி எழுத்து அழிந்திருக்கும். பிள்ளை ஒரு வாரத்தில் ஏழு கிரகித்தல் பந்தி, அதாவது வாசித்து விளங்கி விடை எழுதும் பந்தி, செய்கிறது. ஏழிலும் ஒன்றைக்கூட வாசிக்கவில்லை. வினாவை முதலில் பார்க்கிறது, அதிலுள்ள ஒரு சொல்லைப் பிடிக்கிறது, அந்தச் சொல் பந்தியில் எங்கே கிடக்கிறது என்று விரலால் தேடுகிறது, அந்த வரியைத் தூக்கி விடைத்தாளில் வைக்கிறது. கொக்கு மீன் பிடிப்பது மாதிரி. வாவியைப் பற்றிக் கொக்குக்கு என்ன கவலை?

இதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்டால், நான்தான். "தெரியாட்டி வெறுமையா விடாத மனே, பந்தியில இருந்து ஒரு வரிய எழுது" என்று எத்தனை பிள்ளைக்குச் சொல்லியிருப்பேன். முப்பது புள்ளியில் தத்தளிக்கும் பிள்ளைக்கு அது ஒரு மரப்பலகை, பிடித்துக்கொண்டு கரை சேரலாம். தாய்மொழியில் எஸ் என்ற சாதாரண சித்தி ஒன்று கிடைக்காமல் உயர்தரத்துக்குப் போக முடியாமல் நின்ற பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன். ஆகவே பலகையைப் பறிக்கச் சொல்லி எழுதவில்லை. எல்லாருக்கும் பலகையையே கொடுத்துவிட்டு, நீச்சல் பழக்கினோம் என்று வருட இறுதி அறிக்கையில் எழுதுகிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

நொளிகைப் பந்திக்கு அடுத்த நாள் இன்னொரு பந்தி கொடுத்தேன். இதில் தெரியாத சொல் ஒன்றுமில்லை.

"மூன்று நாள் மழை விட்ட பிறகு அப்பா வட்டைக்குப் போனார். வரம்பில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். அன்று இரவு அம்மா அடுப்பில் ஒரு சுண்டு அரிசி குறைத்துப் போட்டாள்."

வினா இரண்டுதான். வயலுக்கு என்ன நடந்திருக்கும்? அம்மா அரிசியைக் குறைத்தது ஏன்?

வகுப்பு திகைத்துப் போனது. விரல்கள் பந்தியில் மேலும் கீழும் ஓடின. "டீச்சர், இதில விடை இல்ல" என்று முறைப்பாடு வந்தது. இருக்கிறது, வரியில் இல்லை என்றேன். பிறகு கதைக்கத் தொடங்கினார்கள். வெள்ளத்தில் வேளாண்மை அழுகிப் போயிருக்கும் என்பதில் எல்லாரும் ஒன்று. அரிசி விசயத்தில் சண்டை. விளைச்சல் போய்விட்டது, இனிச் சிக்கனமாக இருக்க வேண்டும், அதனால் குறைத்தாள் என்பது பெரும்பாலார் கட்சி. நல்ல விடை, முழுப் புள்ளி கொடுக்கலாம். அப்போது ஒருவன், கிரகித்தலில் பத்துக்கு நாலு எடுக்கிறவன், மெதுவாகச் சொன்னான்: "அப்பா இண்டைக்குச் சாப்பிடமாட்டார் எண்டு அம்மாவுக்குத் தெரியும் டீச்சர்."

வகுப்பு அடங்கிப் போனது. எனக்கும் கொஞ்ச நேரம் பேச வரவில்லை. அந்தப் பந்தியை எழுதிய நானே அப்படி நினைத்திருக்கவில்லை. அவன் வீடு வட்டைக்குப் போகும் வழியில், குளக்கட்டுக்குக் கீழே இருக்கிறது. அந்த இரவை அவன் கண்டிருப்பான். நாங்கள் கொடுக்கும் தாள்களில் அவனுக்கு நாலு. அப்படியானால் அந்தத் தாள்கள் எதை அளக்கின்றன?

இலக்கணத்துக்கு வருவோம். நொளிகைப் பந்தியால் எனக்கு ஒரு நன்மையும் கிடைத்தது. 31 பேரும் விடை எழுதினார்களே, எதை வைத்து எழுதினார்கள்? 'நொளிகையை' என்ற ஐ, 'வெம்பனுக்கு' என்ற கு, 'தாழியில்' என்ற இல், 'துமைத்த' என்ற பெயரெச்சம். ஒரு சொல்லுக்குக்கூடப் பொருள் தெரியாமல், யார், எதை, யாருக்கு, எங்கே என்று நெல்லும் பதரும்போலப் பிரித்துவிட்டார்கள். இலக்கணம் பிள்ளைகளுக்கு வரவில்லை என்று ஆசிரியர் அறையில் நாங்கள் புலம்புகிறோமே, அது பொய். இலக்கணம் அவர்களுக்குள் ஊறிப்போய் இருக்கிறது. வராதது அதன் பெயர்கள்தான். மீட்டல் காலத்தில் பெயர்களை மட்டும் பட்டியல் போட்டுக் கொடுக்கிறோம்: எட்டு வேற்றுமை, அவற்றின் உருபு, ஒவ்வொன்றுக்கும் ஒரு உதாரணம். அந்த உதாரணமும் என் அம்மா படித்த காலத்திலிருந்து மாறவில்லை.

போன தவணையில் ஒரு பையன் கட்டுரையில் இப்படி எழுதினான்: "யானை விரட்டிய அப்பா வேலிக்கு மேலால் பாய்ந்தார்."

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இது கட்டுக்கதையில்லை. இரவில் யானை வராத ஊர் எங்கள் பக்கம் குறைவு. வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, யார் யாரை விரட்டியது என்று கேட்டேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. அப்பா யானையை விரட்டினார் என்றது ஒரு பாதி, வீர வம்சம். யானைதான் அப்பாவை விரட்டியது, இல்லாட்டி ஏன் வேலி பாய்கிறார் என்றது மறு பாதி. எழுதியவனைக் கேட்டோம். தலையைச் சொறிந்துகொண்டு, "யானதான் டீச்சர் விரட்டின, ஆனா அப்பாட்ட சொல்லிப்போடாதிங்க" என்றான்.

அங்கேதான் வேற்றுமைத்தொகை வகுப்புக்குள் வந்தது. ஐ என்ற உருபு மறைந்து நிற்பதாக எடுத்தால் அப்பா வீரர். யானையை எழுவாயாக எடுத்தால் அப்பா ஓட்டக்காரர். ஓர் எழுத்து ஒருவரின் மானத்தையே தீர்மானிக்கிறது. 'புலி கொன்ற யானை' என்று பழைய உரைகாரர் காலத்திலிருந்து சொல்லிவரும் மயக்கம்தான் இது, புதிது ஒன்றுமில்லை. ஆனால் புலியையும் யானையையும் பட்டியலில் மனப்பாடம் செய்த பிள்ளை பரீட்சை மண்டபத்தில் அயத்துப் போகும், மறந்துவிடும். வேலி பாய்ந்த அப்பாவை இந்த வகுப்பில் ஒருவருக்கும் அயத்துப் போகாது.

ஊர்ப் பெயர்களும் அப்படித்தான். வாவிக்குக் கிழக்குப் பக்கம் எழுவான்கரை, மேற்குப் பக்கம் படுவான்கரை என்று தினமும் சொல்கிறோம். 'எழுவான்' என்பதை ஒருநாள் பிரிக்கச் சொன்னேன். எழு, வான் என்று பிரித்து, எழுகின்ற வான், ஆகவே வினைத்தொகை என்றாள் ஒருத்தி. இல்லை, எழுபவன் எழுவான், அது சூரியன், வினையாலணையும் பெயர் என்றான் இன்னொருவன். இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. மணி அடித்த பிறகும் சண்டை ஓயவில்லை. கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் உருட்டிக்கொண்டு போகும்போதும் ஒருவன் "வினைத்தொகைதான் கா" என்று கத்திக்கொண்டு போனான். பல்தேர்வு வினாவில் இதற்கு நாலு விடை கொடுத்து ஒன்றைச் சரி என்று சொல்லியிருந்தால், அந்தச் சண்டை பிறந்தே இருக்காது.

அடுத்தது நயம், பாடலின் அழகை எடுத்து எழுதும் பகுதி. இதில் என் குற்றம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வலயத்தின் தவணைத் தாள் திருத்தப் போனேன். எந்த வலயம், எந்த வருடம் என்று சொல்லப் போவதில்லை, குற்றம் என்னுடையது. 12ஆம் குறளைக் கொடுத்து நயம் கேட்டிருந்தார்கள்:

துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத்
துப்பாய தூஉம் மழை.

உண்பவர்க்கு நல்ல உணவை ஆக்கிக் கொடுத்து, உண்பவர்க்குத் தானே உணவாகவும் ஆகிறது மழை. புள்ளித்திட்டத்தில் மூன்று விடயம் இருந்தது: சொல் பின்வருநிலையணி, எதுகை, மழையின் சிறப்பு. மூன்றும் இருந்தால் முழுப் புள்ளி. பெயரில்லாத, சுட்டெண் மட்டும் உள்ள ஒரு தாளில் அணியின் பெயர் இல்லை, எதுகை என்ற சொல்லும் இல்லை. இப்படி இருந்தது: "இந்தக் குறளை வாய்விட்டுச் சொன்னால் தகரக் கூரையில் மழை விழத் தொடங்குவது போல் கேட்கிறது. முதலில் ஒவ்வொரு துளியாக விழும். தூஉம் என்ற இடத்தில் சோ என்று பெய்கிறது."

நான் பூச்சியம் போட்டேன்.

பின்னேரம் நாலு மணி. முன்னால் இன்னும் இரண்டு கட்டு. புள்ளித்திட்டத்தின் அடியில் 'பொருத்தமான பிற விடைகளையும் ஏற்கலாம்' என்ற வரி இருந்தது, அதையும் நான் கண்டேன். ஏற்கவில்லை. ஏற்றால் தலைமைத் திருத்துநரிடம் எழும்பிப் போய்க் கேட்க வேண்டும், பக்கத்தில் இருக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். இரவு படுத்த பிறகுதான் அந்த 'தூஉம்' காதுக்குள் கேட்டது. அளபெடை என்று பெயர் சொல்ல எனக்குத் தெரியும். அங்கே ஓசை ஏன் நீள்கிறது என்று இத்தனை வருடம் ஒரு வகுப்பிலும் நான் கேட்டதில்லை. பெயர் தெரியாத அந்தப் பிள்ளைக்குக் கேட்டிருக்கிறது. அது இப்போது எங்கே இருக்கிறதோ தெரியாது. அதற்கு நான் ஆறு புள்ளி கடன்.

இந்தக் குறளை இப்போது வகுப்பில் எடுக்கும்போது, அணி என்ற சொல்லைக் கடைசியில்தான் சொல்கிறேன். முதலில் 'துப்பாக்கி' வந்ததும் வகுப்பு சிரிக்கும். "டீச்சர், வள்ளுவர் காலத்திலயும் துவக்கு இருந்ததா?" என்று ஒருவன் கட்டாயம் கேட்பான். கேட்கட்டும். துப்பு, ஆக்கி என்று பிரித்தால் துவக்கு மறைந்து சோறு வருகிறது. ஆக்கி என்பது இகரத்தில் முடியும் வினையெச்சம், ஆகவே அடுத்த சொல்லுக்கு முன் 'த்' மிகுந்து நிற்கிறது. 'துப்பார்க்கு' என்பதற்குப் பிறகு 'த்' வருவது நான்காம் வேற்றுமையின் கு என்பதால். சந்தி, எச்சம், வேற்றுமை, அளபெடை, அணி, எல்லாம் ஏழு சீருக்குள் வந்துவிடுகின்றன. கிரகித்தல் ஒரு பாடவேளை, நயம் ஒரு பாடவேளை, இலக்கணம் ஒரு பாடவேளை என்று மீட்டல் அட்டவணை போட்டு அனுப்புகிறீர்களே, இந்தக் குறளை எந்தப் பாடவேளையில் எடுப்பது?

எங்கள் பிள்ளைகளுக்கு இலக்கியச் செவி இல்லை என்று யாராவது சொன்னால், வைகாசியில் ஏதாவது ஒரு கண்ணகி அம்மன் கோயிலுக்கு வரச் சொல்லுங்கள். கண்ணகியின் கதையான வழக்குரை படிக்கும்போது, அவள் சிலம்போடு அரசவைக்குப் போகும் இடத்தில், மணலில் உருண்டு விளையாடிய சின்னதுகள்கூட அடங்கிப்போய்க் கேட்கும். எழுத்து வாசிக்கத் தெரியாத ஒரு கிழவி, படித்தவர் ஓர் அடியை விட்டுவிட்டுப் போனதைக் கண்டுபிடித்து, "மறுகா ஒருக்கா படி தம்பி" என்று கூட்டத்துக்குள் இருந்து சொன்னதை நானே கேட்டேன். அந்தக் கிழவியின் பேத்தி என் வகுப்பில் இருக்கிறாள். அவலச்சுவை என்றால் என்ன என்று எழுதச் சொன்னால் இரண்டு வரி வரைவிலக்கணம் எழுதுவாள். அந்த இரவில் தான் கேட்டதுதான் அது என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

சுவாமி விபுலானந்தரையும் இந்தத் தாள்கள் இப்படித்தான் வைத்திருக்கின்றன. 1892இல் காரைதீவில் பிறந்தார், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், 1947இல் காலமானார். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்கள். அவர் எழுதிய உரைநடையில் ஒரு பந்தியைக் கொடுத்து, இவர் என்ன சொல்ல வருகிறார் என்று கேட்டால் வகுப்பு என் முகத்தைப் பார்க்கும். அவர் பிறந்த மண்ணிலேயே இந்த நிலை.

சொல் விசயத்திலும் ஒன்று கேட்க வேண்டும். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும் வரை நாங்கள் துறையில் நின்று பாதையில் ஏறித்தான் படுவான்கரைக்குப் படிப்பிக்கப் போனோம். பாதை என்றால் இங்கே ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை. குருமண்வெளிப் பக்கத்துப் பிள்ளை ஒன்று கட்டுரையில் "பாதை வரும்வரை காத்திருந்தோம்" என்று எழுதியது. திருத்தியவர் அடியில் சிவப்புக் கோடு போட்டு, பக்கத்தில் 'பாதை வருமா?' என்று எழுதியிருந்தார். வரும் ஐயா, காற்று அடித்தால் கொஞ்சம் சுணங்கி வரும். ஏறாவூர், காத்தான்குடி, சம்மாந்துறை முஸ்லிம் பிள்ளைகளும் இதே தமிழ்த் தாளைத்தான் எழுதுகிறார்கள். 'வாப்பா' என்று எழுதியதை வெட்டி 'தந்தை' என்று திருத்திய கொப்பியையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் யாரைத் தந்தை என்று கூப்பிடும்? நல்ல எழுத்துத் தமிழ் பழக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. 'ஒண்ணா' என்று எழுதினால் 'முடியாது' என்று மாற்றுவேன். ஆனால் 'ஒண்ணா' பழம்பாடல்களிலும் வரும் சொல்தான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாற்றுவேன்.

இனி நான் கேட்பது. பெரிதாக ஒன்றும் இல்லை, சுற்றறிக்கை கூடத் தேவையில்லை.

தவணைத் தாளில் வரும் கிரகித்தல் பந்திக்கு ஐந்து வினா வைத்தால், அதில் இரண்டுக்கு விடை பந்தியின் எந்த வரியிலும் இருக்கக் கூடாது. பந்தி முழுவதையும் வாசித்தால்தான் வர வேண்டும். முதல் வருடம் சராசரி விழும். பாடசாலைப் பகுப்பாய்வுக் கூட்டத்தில் அதிபர்மார் எங்களைப் பார்ப்பார்கள், நாங்கள் உங்களைப் பார்ப்போம். அந்த ஒரு வருடம் எங்களுக்காக நீங்கள் பேச வேண்டும். மற்றக் கோரிக்கைகளை நாங்களே எப்படியோ சமாளிப்போம். இதை உங்களால்தான் செய்ய முடியும்.

திருத்தல் தொடங்கும் காலையில், புள்ளித்திட்டத்தைக் கொடுத்த கையோடு, திட்டத்தில் இல்லாத ஆனால் நல்ல விடைகள் இரண்டு மூன்றை உரத்து வாசித்துக் காட்டுங்கள். முந்திய வருடத் தாள்களிலிருந்து எடுக்கலாம். அதைக் கேட்டிருந்தால் நான் அன்றைக்கு எழும்பிப் போயிருப்பேன். 'பொருத்தமான பிற விடைகள்' என்ற வரி அச்சில் மட்டும் இருந்தால் நாலு மணிக்கு யாருக்கும் கண் தெரியாது.

மீட்டல் காலத்துக்குப் பழைய தாள்களின் கட்டை அனுப்புவதைக் குறைத்து, புதிய பந்திகளை அனுப்புங்கள். எங்கே போவது என்று கேட்பீர்கள். மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டும் ஐந்து கல்வி வலயம் இருக்கிறது. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று அம்பாறைப் பக்கத்தையும் சேர்த்தால் ஒன்பது. வலயத்துக்கு நாலு ஆசிரியர் ஆளுக்கு ஒரு பந்தி எழுதினால் 36 பந்தி. சூடடிப்பு, கரைவலை, தறி, சந்தை, ஆஸ்பத்திரி வரிசை, வெளிநாட்டிலிருந்து அம்மா எடுக்கும் வீடியோ கோல், எதைப் பற்றியும் எழுதலாம். எங்களுக்கு எழுத வராது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தமிழாசிரியர்கள் நாலு வரி எழுத மாட்டோம் என்றால், பிள்ளையிடம் எந்த முகத்தோடு கட்டுரை கேட்பது?

யாப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அசை பிரிப்பதும் அலகிடுவதும் பிள்ளைகளுக்குக் கணக்கு மாதிரி, விருப்பமாகவே செய்கிறார்கள். அதை அப்படியே விட்டுவிடலாம்.

செமினார்களை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் இரண்டு நடத்தினேன். மேடையில் மைக் பிடித்து, 400 பிள்ளைகளுக்கு 'இந்த வருடம் கட்டாயம் வரும்' என்று சொல்லும்போது ஒரு கிறுதி வரும் பாருங்கள், அதை விட்டது லேசில்லை.

என்னிடம் பதினொரு பந்திகள் இருக்கின்றன, வினாக்களோடு. கையெழுத்து கொஞ்சம் மோசம். எந்த வலயத்தில் யார் கேட்டாலும் தருகிறேன், என் பெயர் போடத் தேவையில்லை. அடுத்த ஆசிரியர் கூட்டத்துக்கு அவற்றைக் கொண்டுவருகிறேன். ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் போதும், தேநீருக்கு முந்திய மணித்தியாலமாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
படுவான்கரையில் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர்

பின்குறிப்பு: கேள்வி கேட்ட அந்தப் பிள்ளைக்கு, நொளிகை என்றால் ஒன்றுமில்லை, நான் சும்மா கட்டிய சொல் என்று அன்றைக்குச் சொல்லிவிட்டேன். வகுப்பு அதை ஏற்கவில்லை. இப்போது எங்கள் வகுப்பில் அது ஒரு சொல். விளங்காமல் எழுதிய விடைக்கு அந்தப் பெயர். போன கிழமை ஒருவன் விடைத்தாளை நீட்டும்போதே சொன்னான்: "டீச்சர், நாலாவது மட்டும் நொளிகை. மத்தது எல்லாம் வாசிச்சுத்தான் எழுதினன்."